கேபிள் அக்கா பொட்டி

அந்த அக்காவின் பல்லில் பிளேடு இருக்கிறது என்று எங்கள் பிளாக்கின் சின்னப் பிள்ளைகள் உறுதியாக நம்பினார்கள். கேபிள் ஒயரின் முனையை வாயில் வைத்து ஒரு திருப்புத் திருப்புவாள். கறுப்புத் தோல் கழன்று உள்ளே செம்பு மின்னும். தோலைத் துப்பிவிட்டு, "இன்னாடா பாக்கற? உன் காத குடு, அத்தயும் உரிச்சுத் தரேன்" என்பாள். பிள்ளைகள் அலறிக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடும். ஒன்றிரண்டு திரும்ப ஏறி வந்து காதை நீட்டும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் அத்தனை பிளாக்குக்கும் டிவி லைனும் நெட் லைனும் அவள் வீட்டிலிருந்துதான் போயின. தொழில் புருஷன் பெயரில். புருஷனுக்கு உயரத்தில் நின்றால் தலை சுற்றும். ஆகவே மாடி ஏறுவது அவள். சுடிதாரின் மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தோளில் வளையம் வளையமாக ஒயர், கொண்டையில் செருகிய ஒரு பென்சில். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர்மேல் மீன் மார்க்கெட்டுக்குள் நடப்பதுபோல நடப்பாள். கீழே நின்று பார்ப்பவர்களுக்குத்தான் உள்ளங்கால் கூசும்.

எட்டாம் வகுப்பு படித்தவள். அவளைப் பற்றி நான் முதலில் தெரிந்துகொண்டது அதைத்தான். ரொம்ப நாள் வரை மறக்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்ததும் அதைத்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நைனா துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்துக் கட்டும் வேலை. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். இருவரும் கைநாட்டு. நான் பி.இ. கேஸ் புத்தகம், கரண்ட் அட்டை, பள்ளிக்கூட நோட்டீஸ் என்று வீட்டுக்குள் வரும் எந்தக் காகிதமும் என் கைக்கு வந்த பிறகுதான் பேசும். எனக்கு வேலை கிடைத்த வாரம் அம்மா மீன் கூடையோடு நின்ற இடத்திலெல்லாம், "எம் பொண்ணு கம்ப்யூட்டர் இஞ்சினியரு" என்று சொல்லிக்கொண்டே எடை போட்டாளாம். அந்த அம்மா முழுக்க எனக்கே சொந்தமாக இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தட்டில் வஞ்சிரத்தின் வால் பக்கம் விழுந்தது.

"நடுத்துண்டு எங்கம்மா?"

"எடுத்து வெச்சுகீறேன். அது காலைலேந்து மாடியில வெயில்ல நின்னுகினு கீது, பாவம்."

"எது?"

"கேபிள் பொண்ணு."

"அப்ப நானு வேலைக்குப் போலயா?"

"உனுக்கு ஏசியில குந்திகினு வேல. அதுக்கு?"

வால் பக்கத்தைச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து அவளிடம் பேசும்போது மட்டும் நான் 'இன்னா' சொல்வதை நிறுத்திவிட்டேன். அவள், "இன்னா இஞ்சினியரு, சாப்ட்டியா?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன், என்ன விஷயம்?" என்று பாடப்புத்தகம்போல் நான் நிற்பேன். அவள் அந்த 'இஞ்சினியரு'வைக் கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிண்டல் என்றே வைத்துக்கொண்டேன். அதுதான் வசதியாக இருந்தது.

எந்த வீட்டில் எந்த வேலை முடித்தாலும் அவள் கடைசியாகச் சொல்லும் வார்த்தை ஒன்றே: "நாளிக்கி நான் இல்லன்னா?" சொல்லிவிட்டுக் கொண்டையிலிருந்து பென்சிலை உருவுவாள். அந்த வீட்டுத் தினசரிக் காலண்டரைத் தூக்கிப் பிடித்து, அதன் பின்னால் சுவரில் எழுதுவாள். எந்த ஒயர் எந்தப் பக்கம் போகிறது, மோடத்துக்கு (ரூட்டரை அவள் அப்படித்தான் சொல்வாள்) என்ன நம்பர், என்ன பாஸ்வேர்டு, எல்லாம். குடியிருப்பில் காலண்டர் மாட்டிய எந்தச் சுவரைத் திருப்பிப் பார்த்தாலும் அவள் கையெழுத்து இருக்கும். பெரிய பெரிய எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், வரிசையில் நிற்கிற பிள்ளைகள்போல.

"சுவரு அழுக்காகுது" என்றேன் ஒருநாள்.

"ஆனா ஆவட்டும். எனுக்கு மட்டும் தெரிஞ்ச வேல இன்னா வேல? நான் ஊர்ல இல்லாத நாள்ல லைன் பூட்ச்சுன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க, மாரியாத்தாவ கூப்புடுவீங்களா?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பொட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு. அந்த டிசம்பரில் தரைத்தள வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். எங்களுடையதும் தரைத்தளம், பன்னிரண்டாம் பிளாக், ஏழாம் எண். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, வாரியம் இந்த வீட்டைத் தாத்தா பெயருக்கு ஒதுக்கிய உத்தரவு மாவுபோலக் கையோடு வந்தது. பிய்ந்து போவதற்குள் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்திலும் இதே கதைதான். இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒதுக்கீட்டுத் தாள்களைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் ஆபீசில் பழையது என்று கழித்துப்போட்ட சாமான்களில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ரூட்டரோடு ஒரு ஒயரில் இணைத்துவிட்டால் அந்த வைஃபையில் இருக்கிற எந்தப் போனிலிருந்தும் அதில் போட்டு வைக்கலாம், எடுக்கலாம். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் இருக்கும். அதை விலைக்கு வாங்கி வந்து டிவிக்கு மேலே பலகை அடித்து வைத்தேன். எல்லார் வீட்டுக் காகிதத்தையும் படமெடுத்து இதில் வைக்கலாம் என்று யோசித்தது நான். நான்தான். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யோசிக்கிறோம் என்றார்கள். ஒதுக்கீட்டுத் தாளை ஒரு சின்னப் பெண் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. விஷயம் அக்காவின் காதுக்குப் போயிற்று. ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினாள். "குடுங்கயா, பொண்ணு போட்டோ எடுத்துகினு இங்கயே இப்பவே திருப்பிக் குடுத்துரும். நான் நிக்கறேன்ல?" அவள் நின்றாள். கொடுத்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் பிளாக் முழுதும் முடிந்தது.

மூன்றாவது ஞாயிறு குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "எல்லாம் கேபிள் அக்கா பொட்டில பத்திரமா கீது."

என் சம்பளத்தில் வாங்கிய பெட்டி. என் வீட்டுப் பலகை. கேபிள் அக்கா பொட்டி.

அந்தப் பொட்டியில் ஒரு தொந்தரவு இருந்தது. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரூட்டர் ஒரு நம்பர் கொடுக்கும். கரண்ட் போய் வந்தால் பொட்டிக்கு வேறு நம்பர் விழும். போன்களில் பழைய நம்பரைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்குப் பொட்டி திறக்காது. எங்கள் வைஃபை எட்டுகிற நாலைந்து வீட்டுக்காரர்கள் உடனே என் வாசலுக்கு வருவார்கள். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த எதிர்வீட்டு பாய்தான் முதலில் வருவார். "மா, உன் பொட்டி மறுபடியும் பேஜார் பண்ணுது மா." நான் லேப்டாப்பைத் திறந்து, முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு, புது நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுப்பேன்.

பொட்டிக்கு நிரந்தரமாக ஒரு நம்பர் கொடுத்து இந்தத் தொந்தரவை ஒரே நாளில் நான் தீர்த்திருக்கலாம். செய்யவில்லை. வாசலில் அவர்கள் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் பாய் பொறுமையிழந்து அக்காவைக் கூட்டிவந்துவிட்டார். நான் உள்ளே நுழையும்போது அவள் பொட்டிக்கு எதிரில் குந்தியிருந்தாள். அம்மா கையில் டீ.

"பாஸ்வேர்டு மட்டும் போட்டுக் குடு இஞ்சினியரு. இதுக்கு ஒரு நம்பர் கட்டிப் போட்டுர்லாம். அப்பால யாரும் வந்து உன்ன தொல்ல பண்ண மாட்டாங்கோ."

யாரும் வரமாட்டார்கள். அதைச் சந்தோஷமான செய்தியாக அவள் சொன்னாள். பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஏற்கனவே கழுவிக் கவிழ்த்திருந்த குண்டானை எடுத்து மறுபடி தேய்த்தேன். கூடத்தில் அவளும் அம்மாவும் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது. என்னவென்று கேட்டுக்கொள்ளாமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். நான் வெளியே வந்தபோது காலண்டர் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் என்ன எழுதினாள் என்று நான் ஒருநாளும் தூக்கிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கரண்ட் எத்தனை முறை போனாலும் பொட்டி அதே நம்பரில் திறந்தது. வாசலுக்கு யாரும் வரவில்லை.

அடுத்த பொங்கலுக்கு நான் மூன்று காரியம் செய்தேன். பெரிய கம்பெனி ஒன்றின் நெட் லைனுக்குப் பதிவு செய்தேன். "அது இன்னா நெனச்சுக்கும்?" என்று அம்மா கேட்டதற்கு, "ஆபீஸ் வேலைக்கு ஸ்பீடு பத்தல மா" என்றேன். ஸ்பீடு பத்தாமல் இல்லை. கூடத்துச் சுவருக்குப் பிஸ்தா பச்சை அடித்தேன். காலண்டர் மாட்டும் இடத்தில் இரண்டு கோட் அடித்தேன். போகியன்று காலையில் பழைய சாமானோடு பழைய ரூட்டரையும் காயலான் கடைக்காரருக்குப் போட்டுவிட்டேன்.

பொங்கல் முடிந்து அவள் தன் ஒயரை அவிழ்க்க வந்தாள். கோபிப்பாள் என்று பதில்களோடு காத்திருந்தேன். கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "நல்ல கம்பெனிதான். ஸ்பீடா வரும்" என்றாள். பிறகு டிவிப் பக்கம் பார்த்தாள்.

"பழைய மோடம் எங்க?"

"போகிக்குப் போட்டாச்சு."

"அத்தயுமா?" ஒயர் சுற்றுவதை நிறுத்தினாள். "பொட்டி புது மோடத்துல ஒட்டாது. நான் வேணும்னா..."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"உனுக்குத் தெரியாதா பின்ன?" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் விடைபெற்றாள். அவளுக்கு அன்று டீ கொடுக்கக்கூட அம்மாவுக்குக் கை வரவில்லை, வெட்கத்தில்.

எங்கள் வீடுதான் முதல். பிறகு ஒவ்வொரு வீடாக மாறியது. "இஞ்சினியர் வூட்லயே மாத்திட்டாங்கோ" என்று சொல்லிக்கொண்டே மாறினார்கள். குடியிருப்பு என் படிப்பை மதித்து ஒரு காரியம் செய்தது என்றால், அது அதுதான். மாசி முடிவதற்குள், மிச்சமிருந்த லைனை யாருக்கோ கைமாற்றிவிட்டு, புருஷனுக்கு அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் வேலை கிடைத்தது என்று அத்திப்பட்டுக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று நான் ஆபீசில் இருந்தேன். லீவு போட்டிருக்கலாம்.

பொட்டி புது ரூட்டரில் ஒட்டவில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள், ஒரு திங்கட்கிழமை நோட்டீஸ் வந்துவிட்டது. பழைய பிளாக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். குடியிருப்பவர்கள் ஒதுக்கீட்டு உத்தரவின் நகலோடு புதன்கிழமை முகாமுக்கு வரவேண்டும். அதை வைத்துத்தான் புது வீட்டுக்குப் பெயர் பதிவார்கள். அன்று சாயங்காலம் வாசலில் வரிசை. பாய் முதலில். "மா, கேபிள் அக்கா பொட்டிலேந்து என்னுத எடுத்துக் குடு மா. ஒரிஜினல் அப்பால கூழாப் பூட்ச்சு."

எங்களுடையதும் கூழாகத்தான் போயிருந்தது. நான் எடுத்த படம் பழைய போனோடு போய்விட்டது. மிச்சமிருந்தது பொட்டியில் மட்டும்.

"ஒரு நாள் டைம் குடுங்க அண்ணே" என்றேன்.

பிரச்சினை எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டு நெட்வொர்க்கில் ஒரு நம்பருக்கு நாலு பகுதி. முதல் இரண்டு பொதுவாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான், 192, 168. மூன்றாவது பகுதி ரூட்டருடையது, நாலாவது அந்தந்தச் சாதனத்துடையது. மூன்றாவது பகுதி ஒத்துப்போகாவிட்டால் ஒரே அறையில் இருந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்காது. புது ரூட்டர் ஒரு வரிசையில் பேசியது. பொட்டி, அக்கா கட்டிப்போட்ட பழைய நம்பரிலேயே காத்துக்கொண்டிருந்தது. அந்த நம்பர் தெரிந்தால் பத்து நிமிட வேலை. நம்பர் போட்டுவைத்த ரூட்டர் காயலான் கடையில். எழுதிவைத்த சுவர் பிஸ்தா பச்சையில்.

லேப்டாப்பைப் பொட்டியோடு நேராக ஒயரில் சேர்த்து, வழக்கமாக ரூட்டர்களில் இருக்கும் வரிசைகளை எல்லாம் தேடினேன். பூஜ்யம், ஒன்று, நூறு. இல்லை. ஆபீசில் நெட்வொர்க் பார்ப்பவரைக் கேட்டிருந்தால் அரைமணியில் வழி சொல்லியிருப்பார். என் வீட்டுப் பொட்டிக்கு எனக்கு நம்பர் தெரியாது என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. திங்கட்கிழமை இரவு அப்படிப் போயிற்று. செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். பொட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை உண்டு, ரீசெட். ஊசியை விட்டு அழுத்தினால் புதிதுபோல ஆகிவிடும். உள்ளே இருக்கிறதையும் சேர்த்துத் துடைத்துவிடுமா என்பது அந்தப் பழைய பெட்டியைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சேஃப்டி பின்னை ஓட்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாத்துக்கு அத்த குத்தற?" என்றாள் அம்மா.

"சும்மா இரு மா. உனுக்குப் புரியாது."

பின்னை எடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அவள் ஒயர் கட்டியிருந்த கொக்கிகள் காலியாக இருந்தன. அங்கே நின்று போன் செய்தேன்.

"யாரு?"

"நான்தான்... பன்னெண்டாம் பிளாக்."

"அட, இஞ்சினியரு! இரு இரு, துணிய எடுத்துகினு வந்துர்றேன். சாம்பலா கொட்டுது இங்க, தோச்சதே திரும்பத் தோய்க்க வேண்டிகீது." மூச்சு வாங்க வந்தாள். "சொல்லு. அம்மா நல்லாகீதா?"

"நல்லாருக்காங்க. சும்மாதான் பண்ணேன்."

"சும்மாவா? நீயா?" சிரித்தாள். "பொட்டி ஒட்லயா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"செவத்துல எய்திவெச்சேனே."

"பெயிண்ட் அடிச்சுட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நெனச்சேன்" என்றாள். "அதான் உங்கம்மாண்ட சொல்லி வெச்சேன்."

"இன்னாது?" என்னை அறியாமல் வந்துவிட்டது. "எப்ப?"

"அன்னிக்கே. நீ கழுவுன குண்டானயே கழுவிகினு இருந்தியே, அப்ப."

"நம்பர நீங்களே சொல்லுங்கக்கா. நாளைக்கு முகாம்."

"சொல்றதுக்கு இன்னா? ஆனா மொதல்ல அதாண்ட கேளு. அதுக்கு நாபகம் கீதான்னு பாக்கணும்ல? இல்லன்னா போன் போடு, சொல்றேன். நாளிக்கி நான் இல்லன்னா?"

படியிறங்கினேன். அம்மா வாசலில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து கானாங்கத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் நின்றேன்.

"அம்மா, பொட்டிக்கு எதுனா நம்பர் சொல்லிச்சா அந்த அக்கா?"

அம்மா நிமிரக்கூட இல்லை. "நம்ப வூட்டு நம்பர்தானே. பன்னெண்டுல ஏழு."

"இன்னா பன்னெண்டுல ஏழு?"

"எல்லா வூட்டுக்கும் அது அப்டித்தான் போடுமாம். மொதல்ல பிளாக்கு, அப்பால பொட்டிக்கு வூட்டு நம்பரு. எந்த பிளாக்குல மோடம் கெட்டாலும் நம்பரப் பாத்தே கண்டுபுடிச்சுருமாம். படிக்காதவங்க கூட வூட்டு நம்பர மறக்க மாட்டாங்கன்னு சொல்லிச்சு."

மூன்றாவது பகுதி பன்னிரண்டு. நாலாவது ஏழு.

"ரெண்டு நாளா நான் இதோட மாரடிச்சுகினு கீறேன். ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றாள் அம்மா. மீன் அரிவாள்மணையில் ஓடிக்கொண்டிருந்தது. "எனுக்குப் புரியாதுன்னல்ல சொன்ன?"

புது ரூட்டரின் வரிசையைப் பன்னிரண்டுக்கு மாற்றினேன். அது அணைந்து எரிந்தது. கடைசியில் ஏழு என்று அடித்தேன். பொட்டி உடனே திறந்தது, இத்தனை நாளும் கதவுக்குப் பின்னாலேயே நின்றதுபோல. தாத்தாவின் பெயர், மழைநீர் ஓரம் பிடித்த தாளில், அப்படியே இருந்தது. பாயுடையது இருந்தது. பிளாக் முழுக்க இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட ஒவ்வொருவரும் பொட்டியைத்தான் பார்த்தார்கள். பாய் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றார். நல்லா இருக்கணும் என்று நானும் சொன்னேன். மனசோடு சொன்னேனா என்று கேட்டால், பாதி.

எல்லாரும் போனபிறகு பென்சில் தேடி எடுத்தேன். காலண்டரைத் தூக்கிப் பிடித்து, இரண்டு கோட் பிஸ்தா பச்சையின் மேல், அவள் எழுதியிருந்த அதே இடத்தில், நம்பர் நாலு பகுதியையும் எழுதினேன். அடியில் பாஸ்வேர்டு. இடிக்கப்போகிற சுவர்தான். இருந்தாலும் எழுதினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்றாள். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத அம்மா, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அது எய்தனது இன்னும் கொஞ்சம் பெருசா, அயகா இருந்துது" என்றாள்.